கட்டிலுக்கு அடியில் ஒரு வெளிநாட்டுப் பயணம்

தொலைபேசி அலறியது!

யாரும் எடுக்கவில்லை.

எடுக்கக் கூடாது! ஏனென்றால் அந்த வீட்டில் யாருமே இல்லை. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கடல் கடந்து ஓர் ஏரிக்கரை ஊரில் உல்லாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். போட்டோகூட வந்திருக்கிறது!

ஆனால்...

இழுத்து மூடிய திரைச்சீலைகளுக்குப் பின்னால், படுக்கையறை நாற்காலியில், முதுகெலும்பை அளவுகோல் போல நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் ஓய்வுபெற்ற ஜட்ஜ்.

"அடிச்சு ஓயட்டும்," என்று கிசுகிசுத்தார்.

"ஒரு வாரமா கிசுகிசுத்தே எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு," என்றாள் மனைவி. "வாய்விட்டு ஒரு தும்மல் போட முடியலை. எத்தனையோ பேரை உள்ள தள்ளினீங்க. கடைசியில என்னையும் தள்ளிட்டீங்களே!"

ஜட்ஜ் எழுந்து திரைச்சீலையை இன்னும் இழுத்து மூடினார்.

வினை சம்பந்தி வடிவத்தில் வந்தது. மகளின் மாமனார், ஓய்வுபெற்ற இன்ஜினியர். போன வருஷம் அதே ஏரிக்கரை ஊருக்குப் போய் வந்ததாகக் குடும்பக் குழுவில் படம் படமாகப் போட்டுத் தள்ளினார். "எல்லாமே கிரெடிட் கார்டு பாயிண்ட்! கைக்காசு பைசா செலவில்லை! சம்பந்தி மாதிரி கார்டைப் பீரோவுல வெச்சுப் பூட்டினா பாயிண்ட் குட்டியா போடும்?"

இருபத்தெட்டு வருஷம் நீதிமன்றத்தில் எல்லோரையும் எழுந்து நிற்க வைத்தவர் ஜட்ஜ். அவரைப் பார்த்தா இப்படி ஒரு பேச்சு!

கார்டை வெளியே எடுத்தார். தேய்த்தார். வருஷம் முழுக்கத் தேய்த்தார். பாயிண்ட்கள் குவிந்தன. "நாங்களும் போகிறோம். அதே ஊர். பாயிண்ட்டிலேயே!" என்று குழுவில் தேதியோடு தீர்ப்பே எழுதிவிட்டார்.

டிக்கெட் பதிவு செய்ய உட்கார்ந்தபோதுதான் விதிமுறைகள் வந்து நின்றன. 'படித்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம்.

ஊரெல்லாம் படிக்காமலே அந்தக் கட்டத்தைத் தட்டும். ஜட்ஜ் தட்டுவாரா? படிக்காத காகிதத்தில் அவர் கையெழுத்து விழுந்ததாகச் சரித்திரமே இல்லை! நாள் கணக்கில், காலையும் மாலையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அடிக்குறிப்புகளையும் விடவில்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

'குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாத பாயிண்ட்கள் காலாவதியாகும்.'

முந்தின நாளே காலாவதியாகியிருந்தன!

கைக்காசில் போக பென்ஷன் இடம் கொடுக்காது. போகவில்லை என்று சொல்ல கௌரவம் இடம் கொடுக்காது. கிடைத்தது இந்தப் படுக்கையறைதான். இங்கே உட்கார்ந்தபடி, இணையத்தில் கிடைத்த ஏரிப் படங்களையும் பயணக் குறிப்புகளையும் தினமும் குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"போனைப் பாருங்க," என்றாள் மனைவி. "ரொம்ப நேரமா துடிக்குது."

கைபேசியில் சம்பந்தியின் செய்தி.

'சம்பந்தி! குறிப்பெல்லாம் பிரமாதம். குடை கொண்டு போகணும், கழிப்பறைக்குச் சில்லறை வேணும், எல்லாம் சரி. ஆனா ஒரு படத்துலயும் உங்க முகத்தையே காணோமே! ஏரிக்கரை மணிக்கூண்டு முன்னாடி, போன வருஷம் நாங்க நின்ன இடத்துல நின்னு ஒரு படம் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள!'

கீழே மகள் தனியாக அனுப்பியிருந்தாள். 'அப்பா, சீக்கிரம் போடுங்கப்பா. இங்க எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கறாங்க. என்னால தலை நிமிர முடியலை.'

தன் மானம் போனால் போகட்டும். பெண் வாழப்போன வீட்டில் தலை குனிவதா?

"இப்ப மணிக்கூண்டுக்கு எங்க போறது?" என்றாள் மனைவி. "நான் வேணா சுவர்க்கடிகாரத்தைத் தலையில தூக்கிட்டு நிக்கட்டுமா?"

க்ளிக்...!

இருவரும் உறைந்தார்கள்.

பின்கதவு! யாரோ பூட்டைத் திறக்கிறார்கள்!

"தி... திருடன்!" மனைவியின் குரல் காற்றாக வந்தது. "கத்துங்க!"

"எப்படிக் கத்தறது? எதிர்வீட்டுக்காரர் ஓடி வருவார். நாம வெளிநாட்டுல இருக்கோம்!"

"அப்போ குனிஞ்சு கட்டிலுக்கு அடியில வாங்க!"

"நானா? திருடனுக்குப் பயந்து குனியறதா?"

"குனிஞ்சா முதுகு முறிஞ்சிடாது!" என்றபடி அவள் சரேலென்று உள்ளே போய்விட்டாள். ஜட்ஜ் கைத்தடியை எடுத்துக்கொண்டு பீரோவின் மறுபக்கமாக நின்றார். நிமிர்ந்தே நின்றார்.

காலடிச் சத்தம்... கூடம்... சமையலறை... மறுபடி கூடம்...

படுக்கையறைக் கதவு மெல்லத் திறந்தது!

ஒல்லியான ஆள். தோளில் ஒரு பை. பீரோவைத் திறக்கவில்லை. மேசையைக் குடையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"வெளிய வாங்கய்யா. பீரோவுக்குக் கீழ செருப்பு தெரியுது. அம்மாவும் வரலாம். தரை சில்லுன்னு இருக்கும்."

ஜட்ஜ் தடியை ஓங்கிக்கொண்டு வெளியே வந்தார். "யார்றா நீ? அடுத்தவன் வீட்டுக்குள்ள அத்துமீறி நுழையறது என்ன குற்றம் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? நீங்கதானே அதுக்கு எனக்கு ஆறு மாசம் குடுத்தீங்க!" அவன் சிரித்தான். "பல்லி, ஐயா. சுவர் ஏறுவேனே... அந்தப் பல்லி."

ஜட்ஜுக்கு நினைவு வந்தது. தடி தாழவில்லை. "கத்தினேன்னா..."

"கத்துங்களேன்! நானும் சேர்ந்து கத்தறேன். தெருவே வந்து பார்க்கட்டும்... ஐயா ஃபாரின்லேர்ந்து எப்போ வந்தாருன்னு!"

தடி தாழ்ந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து மனைவியின் தலை எட்டிப் பார்த்தது. "ஏம்ப்பா, நாங்க உள்ள இருக்கோம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"வெளியூர் போன வீட்டு மின்மீட்டர் இந்த ஓட்டம் ஓடாதும்மா. போன் பண்ணிப் பார்த்தேன். அடிச்சதும் உள்ள ஓடிட்டிருந்த ஃபேன் சத்தம் நின்னு போச்சு. ஆளில்லாத வீட்டுல ஃபேனுக்கு எதுக்கு பயம்?"

"நான்தான் நிறுத்தினேன்," என்றார் ஜட்ஜ் தன்னையறியாமல்.

"நாங்க வெளிநாடு போறோம்னு உனக்கு யாருடா சொன்னது?" என்று உடனே அதட்டினார்.

"நீங்கதான். சுற்றுலா ஆலோசனைக் குழு ஒண்ணுல போற தேதி, வர்ற தேதி, தெரு, எல்லாம் போட்டு 'எந்தக் கார்டு நல்லது'ன்னு கேட்டிருந்தீங்களே. நான்தான்யா பதில் போட்டேன்! 'ஊர்சுற்றி'ங்கற பேருல."

ஜட்ஜின் கண்கள் விரிந்தன. "ஊர்சுற்றி நீயா? பாயிண்ட்டைப் பத்தி அவ்வளவு விவரமா எழுதினது..."

"அனுபவம்யா. கடப்பாரைகூட கார்டுலதான் வாங்கினேன். இரும்புக் கடையில ரெண்டு மடங்கு பாயிண்ட்! ஆனா கெடு தேதிக்குள்ள பாக்கியை முழுசாக் கட்டிடணும். வட்டி ஓடவிட்டோம்னா பாயிண்ட் வந்து என்ன புண்ணியம்? அந்த வட்டி இருக்கே... திருடன் நானே சொல்றேன், அது பகல் கொள்ளை!"

"நீ எங்கடா போனே ஊர்சுத்த?"

"நீங்கதானே தீர்ப்புச் சொல்லும்போது, 'வெளிய வந்ததும் கண்காணாத இடத்துக்குப் போய்த் தொலை'ன்னீங்க? பெரியவங்க வாக்கு. போனேன். பதினோரு நாடு!"

மனைவி முழுசாக வெளியே வந்து புடவையை உதறினாள். "பார்த்தீங்களா? நீங்க தண்டனை குடுத்தவன் பதினோரு நாடு பார்த்துட்டான். தாலி கட்டினவ கட்டிலுக்கு அடியைத்தான் பார்த்தேன்!"

கைபேசி மறுபடி துடித்தது. சம்பந்தி! 'என்ன சம்பந்தி, மணிக்கூண்டு கிடைக்கலையா?' பக்கத்தில் மூன்று சிரிப்பு முகங்கள்.

ஜட்ஜின் முகம் சாம்பலானது. பல்லி எட்டிப் பார்த்தான்.

"எந்த மணிக்கூண்டு?"

"அந்த ஏரிக்கரையில இருக்கறதுதான். அது முன்னாடி நின்னு படம் போடணுமாம்."

"அந்த ஏரிக்கரையிலயா? நான் ரெண்டு தடவை போயிருக்கேன்யா! படகுத்துறை இருக்கு, மரப்பாலம் இருக்கு... மணிக்கூண்டே கிடையா..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்!

ஆனால் ஜட்ஜின் கண்களில் பழைய நீதிமன்ற வெளிச்சம் வந்துவிட்டது. "கிடையாதா? நிச்சயமா?"

"அது... வந்து... ஐயா, அதை இப்போ எழுதாதீங்க..."

"சாட்சி சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது!" ஜட்ஜின் விரல் பறந்தது.

'சம்பந்தி அவர்களுக்கு. ஏரிக்கரையை முழுவதும் சுற்றிப் பார்த்தோம். படகுத்துறை உண்டு. மரப்பாலம் உண்டு. மணிக்கூண்டு இல்லை. சென்ற வருடம் தாங்கள் எதன் முன்னால் நின்றீர்கள் என்பதைக் குழுவுக்குத் தெரிவிக்கவும்.'

அனுப்பினார்!

"ஐயோ!" என்று பல்லி தலையில் கை வைத்தான்.

குழுவில் மயான அமைதி.

ஒரு நிமிடம்... இரண்டு...

பிறகு மகளிடமிருந்து தனிச் செய்தி. 'அப்பா! மாமா முகத்துல ஈயாடலை! போனைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடிட்டார்!'

ஜட்ஜின் மார்பு விரிந்தது. மனைவி ஒரு வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்போ அந்த மனுஷனும் போகவே இல்லையா! எவ்வளவு அளந்தார்!"

"பொய்யன்!" ஜட்ஜ் பற்களைக் கடித்தார். "இப்படியும் ஒரு மனுஷன் குடும்பத்தையே ஏமாத்துவானா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஜட்ஜ் இருமினார்.

அப்போதுதான்...

பல்லியின் சட்டைப் பையில் கைபேசி அலறியது!

திரையைப் பார்த்தவன் வெலவெலத்துப் போனான். அணைக்கப் போன கையை ஜட்ஜ் பிடித்தார். "எடு. சத்தமா வை!"

அறை முழுக்க ஒரு குரல் வெடித்தது. அந்தக் குரல் அவர்களுக்குத் தெரிந்த குரல்!

"டேய் பல்லி! என்ன படம்டா குடுத்தே போன வருஷம்? அங்க மணிக்கூண்டே இல்லையாமே! ஜட்ஜ் நேர்ல நின்னு பார்த்துட்டுச் சொல்றார்டா! பத்து நாள் பரண்ல ஒளிஞ்சு கிடந்து காப்பாத்தின மானம்... ஒரே வரியில போச்சு! ஹலோ... ஹலோ...!"

பல்லி அழைப்பைத் துண்டித்தான். மெதுவாகப் பையைத் திறந்தான். உள்ளே கடப்பாரை இல்லை. கத்தி இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு கேமரா, சுருட்டி வைத்த பச்சைத் துணி.

"திருட்டை விட்டு மூணு வருஷம் ஆச்சுங்கய்யா. இப்போ இதுதான் தொழில். போகாமலே போனவங்களை மீட்டர் பார்த்துக் கண்டுபிடிப்பேன். உள்ள வந்து இந்தப் பச்சைத் துணி முன்னாடி நிக்க வெச்சுப் படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல பின்னால அந்த ஊரை ஒட்டிக் குடுப்பேன். நான் போய் வந்த இடத்துல அவங்க நின்ன மாதிரியே இருக்கும். உங்களைப் பார்க்கவும் அதுக்குத்தான் வந்தேன்."

"அப்போ அந்த மணிக்கூண்டு?" என்றாள் மனைவி.

"உங்க சம்பந்தி பேரம் பேசியே உயிரை எடுத்துட்டார்மா. அந்த ரேட்டுக்கு வேற ஊர் மணிக்கூண்டுதான் கட்டுப்படியாகும்."

பல்லி பச்சைத் துணியை உதறிச் சுவரில் மாட்டினான்.

ஜட்ஜ் திரையின் விளிம்பை விலக்கித் தெருவைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மகளின் செய்தியை இன்னொரு முறை படித்தார். பிறகு சட்டைப் பொத்தான்களைச் சரி செய்துகொண்டு, பச்சைத் துணியின் முன்னால், முதுகை நிமிர்த்தி, போய் நின்றார்.

"மரப்பாலம். மனைவியோட. முழு ரேட்." குரலில் கம்பீரம் குறையவில்லை. "கார்டு வாங்கிப்பியா?"

"தாராளமா! ரெண்டு மடங்கு பாயிண்ட் வேற!" பல்லி கேமராவைத் தூக்கினான். "ஒரே ஒரு வேண்டுகோள்யா... கோர்ட்டுல மாதிரி, கையெழுத்துக்கு முன்னாடி விதிமுறையை வரி வரியாப் படிக்க ஆரம்பிச்சிடாதீங்க. எனக்கு அடுத்த தெருவுலயும் ரெண்டு பேர் வெளிநாட்டுல இருக்காங்க!"