அல்போன்ஸ் வீட்டு மடிக்கணினி

2025ஆம் ஆண்டு அக்டோபர் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. கம்பைநல்லூரில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் அல்போன்ஸ், தம் மகனின் பழைய மடிக்கணினியை இயக்க முயன்றார். அது இயங்கவில்லை. பஹ்ரைனில் இருக்கும் மகன் மரிய ஆனந்த் ஞாயிறுதோறும் பேசுவது அதில்தான். அல்போன்ஸிடம் இருந்த பொத்தான் கைபேசியில் குரல் கேட்கும், முகம் தெரியாது.

எட்டு மணிக்கு அவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே குடியிருந்தவர் காவல் உதவி ஆய்வாளர் நிர்மலாதேவி.

"வேலைக்கு வர்ற காசியம்மா மேல ஒரு புகார் குடுக்கணுங்க மேடம். கம்ப்யூட்டரக் கீழ போட்டு ஒடச்சிருக்கா. ஓசூர்ல ஒரு அடக்கத்துக்குச் செவ்வாய்க்கிழமை போயிட்டு நேத்து சாயங்காலந்தான் வந்தேன். வூட்டுச் சாவி அவகிட்டத்தான் இருந்துச்சு. இனிமே அவ வர வேண்டாம்."

"வேற யாரு வர்றாங்க உங்க வூட்டுக்கு?"

அல்போன்ஸ் யோசித்தார். "யாரும் வர்றதில்லைங்க."

நிர்மலாதேவி உடன் சென்றார். கணினியைத் திருப்பிப் பார்த்தார். மூலைகளில் கீறல் இல்லை. மூடியின் கீல் உறுதியாக இருந்தது. அதன் பேட்டரி செயலிழந்து ஓராண்டாயிற்று. மின்கம்பி இருந்தால்தான் இயங்கும். சார்ஜரைச் செருகினார். சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்தது. கணினியின் விளக்கு எரியவில்லை.

பிறகு அவர் சமையலறைக்குச் சென்றார். மிக்சியின் இடுக்கில் மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது.

"மஞ்சத்தூளா இருக்கும்," என்றார் அல்போன்ஸ்.

அவருடைய காலஞ்சென்ற மனைவியின் தையல் இயந்திரம் கூடத்தில் இருந்தது. அதன் சக்கரத்திலும் அதே மஞ்சள். நிர்மலாதேவி அதை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

வழக்கம்போல் வேலைக்கு வந்த காசியம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைக்காமல் வாசற்படியில் நின்றிருந்தார்.

"கீழ போட்டீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"தொட்டீங்களா?"

"புதன்கிழமை தொடச்சேனுங்க."

"தெனமும் தொடைப்பீங்களா?"

"ஐயா தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"பாத்தீங்களா?" என்றார் அல்போன்ஸ்.

"புதன்கிழமை மட்டும் எதுக்குத் தொடச்சீங்க?"

காசியம்மாள் அல்போன்ஸைப் பார்த்தார். நிர்மலாதேவி அல்போன்ஸின் பக்கம் திரும்பினார்.

"புதன்கிழமை என்ன நாளுங்க?"

"பூசை லீவு."

"ஆயுத பூஜை. மஞ்சத்தூள் மிக்சில இருக்கலாம். தையல் மிசினுக்கு எப்படிப் போச்சு? அது சந்தனம். கரண்டு சார்ஜர் வரைக்கும் வருது, கம்ப்யூட்டருக்குள்ள போகல. கீழ விழுந்த அடையாளமும் இல்ல. மிச்சம் கம்பி சொருகற ஓட்டைதான். காசியம்மா, இதுக்குப் பொட்டு எங்க வெச்சீங்க?"

"கரண்டு குடிக்கற வாயிலங்க. மிக்சிக்குச் சுத்தற எடத்துல, தையல் மிசினுக்குச் சக்கரத்துல. எது முக்கியமோ அங்கதான வெக்கணும்? இந்த வூட்டு மிசினுக்கெல்லாம் வேற யாருங்க பொட்டு வெக்கறது? அப்பறம், ஐயா சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, பாத்தா வைவாருன்னு ஈரத்துணியில தொடச்சுட்டேன்."

வெளியே பூசிய சந்தனத்தை ஈரத்துணி உள்ளே தள்ளியிருந்தது; இரண்டு நாளில் அது காய்ந்து இறுகியது. நிர்மலாதேவி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பல்குத்தும் குச்சியால் துளையைச் சுத்தம் செய்தார். மஞ்சள் பொடி மேசைமேல் உதிர்ந்தது. மீண்டும் செருகினார். கணினியின் விளக்கு எரிந்தது.

"பொட்டு வெச்சதுக்குக் கேஸ் போட எங்கிட்ட செக்‌ஷன் இல்லைங்க," என்றார்.

அல்போன்ஸ் காசியம்மாளைப் பார்த்தார். "நான் வைவேன்னு யாரு சொன்னது?"

"நீங்க பேசறதே இல்லீங்களே ஐயா. என்னன்னு நெனைக்கறது?"



இறுதியில் முடிவானவை இவை. புகார் எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டு முதல் கணினிக்குப் பொட்டு மூடியின்மேல் வைக்கப்படும். அதைத் துடைக்க வேண்டியதில்லை. காசியம்மாள் வழக்கம்போல் திங்கள் முதல் சனி வரை வேலைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை வேலை ஏதும் இல்லை, மகன் பேசும் நேரத்துக்கு அன்றும் வருவார்.