கிடங்கின் பின்கதவு

தந்தையின் அறைக்குள் இருந்த சாமான் அறைக் கதவின் கீழே மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. கரையான் வேலையாக இருக்கும் என்று எண்ணித் துடைப்பத்துடன் குனிந்தவள், தூள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க நிமிர்ந்தாள். கதவின் முகப்பில், தோளுயரத்தில், திருகாணித் துளைகள் வாய் திறந்திருந்தன. அவள் பள்ளியில் படித்த காலத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கப்பட்டு, பின்னர் எத்தனையோ முறை வண்ணம் பூசப்பட்டு, விரலால் தடவினாலும் இடம் தெரியாதபடி மறைந்து போனவை அவை. இப்போதோ அவற்றின் விளிம்பு நேற்றுத்தான் துளையிட்டது போல் வெளுத்திருந்தது. சுண்டு விரல் நுனியை ஒன்றில் வைத்துப் பார்த்தாள். துளையின் உட்புறம் இளஞ்சூடாக இருந்தது.

"என்னம்மா பாக்கிற?" என்றார் கட்டிலில் கிடந்த தந்தை.

"ஒண்ணுமில்லப்பா. பூச்சி அரிச்சிருக்கு."

அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. பஞ்சாலை எரிந்த ஆண்டில், ஆலையின் கண்காணிப்பாளராக இருந்த தந்தை, விசாரணை முடிந்து வீட்டிற்கு வந்ததும் வராததுமாகத் திருப்புளியை எடுத்து, இருந்த தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றி எறிந்தார். "திருடன் வந்தா உள்ள வெச்சுச் சாத்தக்கூட வழியில்லாமப் பண்ணிட்டாரு உங்கப்பா" என்று தாயார் தம் இறுதிக் காலம் வரையில் கேலி பேசியதுண்டு. மகளுக்கோ, தந்தையின் நெஞ்சம் எத்தகையது என்பதற்கு அச்செயலே போதிய சான்று. மூடிய கதவைக் கண்டாலே பதறுகிற மனிதர், அடைபட்டவர்களை விட்டுவிட்டு வந்திருப்பாரா?

விட்டுவிட்டுத்தான் வந்தார் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தபோது உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண்களில் ஒருத்தியும் வெளியே வரவில்லை. கிடங்கின் பின்கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது என்றனர் மாண்டவர்களின் உறவினர். கதவு திறக்கப்பட்டது, அதனை அடைவதற்குள் புகை அவர்களை வீழ்த்திவிட்டது என்றது விசாரணை அறிக்கை. அவ்வறிக்கையோ தந்தை ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் நம்பி எழுதப்பட்டது.

நகர நூலகத்தில் நூல்களை வகைப்படுத்தும் பணியில் இருந்த அவள், இந்த வழக்கைத் தீர்ப்பதற்கென்றே இணையத்தில் ஒரு விக்கி கட்டினாள். எவரும் வந்து எழுதலாம், எவரும் திருத்தலாம். விதி ஒன்றே ஒன்று: நேரில் கண்ட இருவர் சொன்னாலொழிய எந்தச் செய்தியும் பக்கத்தில் நில்லாது. ஆட்கள் மெல்லச் சேர்ந்தனர். அன்று தீயை அணைக்கச் சென்று இன்று ஓய்வு பெற்றிருக்கும் தீயணைப்பு அதிகாரி ஒருவர். தன் பெரியத்தையைக் கிடங்கில் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி. ஆலையில் பொறி ஓட்டியவர்கள், அவர்தம் பிள்ளைகள். பொறிகள் நின்ற இடம், காற்று வீசிய திசை, சங்கு ஊதியவர் யார் என்பது வரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுந்தது. 'பின்கதவு' என்ற பக்கம் மட்டும் முடியாமலே கிடந்தது.

அது முடிந்தாக வேண்டியிருந்தது. ஆலை இருந்த இடத்தில் நகராட்சி நினைவுக்கல் ஒன்றை நட இருந்தது. கதவைப் பற்றி விக்கி எந்த வாக்கியத்தை முடிவாக ஏற்கிறதோ, அந்த வாக்கியமே கல்லில் வெட்டப்படும் என்று எழுத்து மூலம் தெரிவித்தும் இருந்தது. பக்கவாதத்தில் கால்கள் விழுந்துவிட்ட தந்தை இன்னும் எத்தனை நாள் இருப்பாரோ. 'கதவு திறக்கப்பட்டது' என்று கல் சொல்வதை அவர் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே. ஆனால் திறந்ததைக் கண்ட இரண்டாமவர் ஒருவரும் கிடைக்கவில்லை.

"புத்தகத்துக்கு நம்பர் ஒட்டுறதோட நீ நிறுத்திக்கக் கூடாதாக்கா?" என்று தம்பி தொலைபேசியில் சலித்துக்கொண்டான். "செத்தவங்களை எழுப்பி வரிசையில நிக்க வெச்சு வாக்குமூலம் கேக்கப் போறியா?"

"அப்பா பேருல ஒட்டியிருக்கிற கறை போறது உனக்குப் பிடிக்கலையா?"

"கறையை ரொம்பத் தேய்ச்சா துணி கிழிஞ்சிடும்க்கா. அதான் பயமா இருக்கு."

அன்று பிற்பகல், விக்கியைக் கட்டியவள் செய்யக் கூடாத ஒன்றை அவள் செய்தாள். வேறொரு பெயரில் புதிய கணக்கைத் தொடங்கி, ஆலையில் பஞ்சுப் பொதி சுமந்த கிழவனாகத் தன்னைப் புனைந்துகொண்டு எழுதினாள்: 'நான் அப்போது பின்முற்றத்தில் நின்றேன். கண்காணிப்பாளர் கதவைத் திறந்ததை என் கண்ணால் கண்டேன்.' எழுதி முடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நிதானமாகச் சரிபார்த்தாள். அதுவே அவளுக்குச் சற்று வியப்பாக இருந்தது.

தன் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தமையால், விக்கியில் யார் எதை எழுதினாலும் கூடத்திலிருந்த கணினி அதனை உரக்கப் படித்துச் சொல்லும்படி அமைத்திருந்தாள். ஆணா பெண்ணா என்று தெரியாத, ஏற்ற இறக்கமற்ற குரல் அது. மறுநாள் மாலை அவள் பாலில் ஊறிய ரொட்டியைத் தந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது அக்குரல் எழுந்தது.

"புதிய திருத்தம். பக்கம், பின்கதவு. எழுதியவர், பெயர் இல்லை. கதவின் உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. கைப்பிடி மட்டும். கைப்பிடி சுட்டது. துணியைச் சுற்றிப் பிடித்தோம்."

தந்தையின் வாய் பாதியில் நின்றது. பால் ஒரு கோடாக மோவாயில் வழிந்தது.

"எவனோ வேலை வெட்டி இல்லாதவன்ப்பா" என்று சொல்லிவிட்டு, எழுந்து சென்று அதனை நீக்கினாள். காரணம் கேட்ட கட்டத்தில், வழக்கமாக எழுதுவதையே எழுதினாள்: சான்று தேவை. அவள் திரும்பி வந்து கரண்டியை எடுப்பதற்குள் குரல் மீண்டும் எழுந்தது.

"புதிய திருத்தம். பக்கம், பின்கதவு. எழுதியவர், பெயர் இல்லை. கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி. அதில் வாயை வைத்து மூச்சு வாங்கினோம். வெளியே ஒரு சோடிச் செருப்பு தெரிந்தது. ஒன்றின் அடி தடித்தது. கூப்பிட்டோம். செருப்பு நகரவில்லை."

பிறவியிலேயே தந்தையின் இடக்கால் சற்றுக் குட்டை. இடக்காலுக்கு மட்டும் தடித்த அடி வைத்துத் தைத்த செருப்பைத்தான் அவர் நடந்த நாளெல்லாம் அணிந்தார். கால்கள் விழுந்த பின், அதனைத் துடைத்துத் துணியில் சுற்றிச் சாமான் அறையில் போட்டவள் அவள்தான்.

தந்தை அவளைப் பார்க்கவில்லை. சாமான் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்தேன்னு எழுதிட்டியாம்மா?" என்றார் மெதுவாக.

திறந்தேன் என்று அவர் சொல்லவில்லை. எழுதிவிட்டாயா என்றுதான் கேட்டார்.

இரண்டாம் முறையும் நீக்கினாள். சான்று தேவை. பிறகு தீயணைப்பு அதிகாரியை அழைத்தாள்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன்மா" என்றார் அவர். "அந்தக் கதவோட அடி இடைவெளி எந்த அறிக்கையிலயும் இல்லை. நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைங்க அத்தனை பேரும் அங்கதான் முகத்தை வெச்சுக் கிடந்தாங்க. நான் இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை."

"அப்ப இதை எழுதினது யாரா இருக்கும், ஐயா?"

"செருப்பைப் பத்தி எனக்கே தெரியாதும்மா. தரையோட தரையா உள்ள படுத்திருந்தவங்களுக்குத்தான் அது தெரியும்."

அவள் கணினியின் முன் அமர்ந்தாள். திரையில் இரு வழிகள் இருந்தன. பெயரற்றோர் எழுதியதை நிற்கவிட்டு, தான் புனைந்த கிழவனை நீக்கலாம். அல்லது பெயரற்றோர் இனி எழுத முடியாதபடி தடுத்துவிட்டு, வாக்கியத்தை நகராட்சிக்கு அனுப்பலாம். உள்ளறையில் தந்தை இருமினார். சிறு பிள்ளை போலச் சுருண்டு கிடந்த அவருடைய கால்களை அவள் நினைத்தாள். சட்டம் படிக்கும் பெண்ணின் பெரியத்தையை நினைக்காதிருக்க முயன்றாள். தடுத்தாள். அனுப்பினாள். 'கதவு திறக்கப்பட்டது. கண்டவர் இருவர்.'

வெளியே பொழுது இன்னும் சாயவில்லை. தெருவில் யாரோ மிதிவண்டி மணியடித்துப் போனார்கள். பக்கத்து வீட்டில் குழாய் திறந்திருந்தது. இத்தனை வெளிச்சத்தில், இத்தனை அன்றாட ஒலிகளுக்கு நடுவில், சலவைக்காரர் தேய்ப்புப் பெட்டியைத் துணிமேல் மறந்துவிட்டாற்போன்ற ஒரு நெடி, பஞ்சு கருகும் இனிப்பான நெடி, கூடத்திற்குள் மெல்லப் பரவியது. அடுப்பு அணைந்திருந்தது. தேய்ப்புப் பெட்டியின் இணைப்பு பிடுங்கப்பட்டிருந்தது. சுவரில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நெடியைத் தொடர்ந்தவள், தந்தையின் அறை வாயிலில் வந்து நின்றாள்.

கட்டில் காலியாக இருந்தது.

தந்தை நின்றுகொண்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் நில்லாதவர், சாமான் அறைக் கதவின் மீது முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் விரித்து அழுத்தி, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கால்களில் செருப்பு. இடச்செருப்பின் தடித்த அடி அவரைச் சரிமட்டமாக நிறுத்தியிருந்தது. அவருக்குப் பின்னால் கதவு அசைந்தது. யாரோ ஒருவர் உள்ளிருந்து தள்ளுவது போல இல்லை. பலர், முறை வைத்துக்கொண்டு, பொறுமையாகத் தள்ளுவது போல.

"வாம்மா" என்றார். மூச்சு இரைத்தது. "வந்து பிடி. என்னால தனியா முடியல."

"அப்பா, யாரு உள்ள?"

"திறந்தா காத்து உள்ள போகும்மா. காத்து போனா எல்லாமே பத்திக்கும். ஆலையே போயிடும், திறக்காதன்னு மேல இருந்து சொன்னாங்க. நான் நின்னேன். நின்னுட்டே இருந்தேன். கூப்பிட்டாங்கம்மா. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

அவர் தோளுக்கருகே, மாலை வெளிச்சத்தில், ஒன்று மின்னிற்று. தாழ்ப்பாள். புத்தம் புதியது. எண்ணெய் போட்டது. துளைகளில் திருகாணிகள் இறுகியிருந்தன.

"போடும்மா" என்றார் தந்தை. "நீதானே எழுதின. போடு."

கதவின் அடியில் புகை நூலாக இழைந்து வந்தது. உள்ளிருந்து ஒரு பெண் குரல், மிக இளையது, 'அக்கா' என்றது. நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் கேட்டுக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டது. மீண்டும், 'அக்கா'.

திறக்கலாம் என்று நினைத்தாள். நினைத்தபடியே தந்தையின் அருகில் சென்று கதவில் தோளைக் கொடுத்தாள். மரம் சுட்டது. கை தானாக எழுந்தது. தாழ்ப்பாள் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நழுவிப் பொருந்தியது.

தள்ளுவது நின்றது.

குரல் நின்றது.

தந்தை கதவின் மீதே சரிந்து தரையில் அமர்ந்தார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அதனைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. புகை மட்டும் நிற்கவில்லை. இடுக்குகளிலெல்லாம் கசிந்து கூரையில் பரந்தது. அவரைத் தூக்கிக் கூடத்திற்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவள் அவருடைய அக்குளில் கை கொடுத்தாள்.

அப்போது அவளுக்குப் பின்னால், அறையின் வாயிற்கதவு சாத்திக்கொண்டது.

காற்றினால் இல்லை. மெதுவாக. விருந்தாளியை எழுப்பிவிடாதபடி சாத்துவது போல.

பிறகு, கூடத்துப் பக்கத்திலிருந்து, தாழ்ப்பாள் நழுவும் ஒலி.

இழுத்தாள். வரவில்லை. தட்டினாள். தம்பியைக் கூப்பிட்டாள், அவன் வேறு ஊரில் இருந்தான். ஜன்னலின் இரும்புக் கம்பி கையைச் சுட்டது. வெளியே குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட வாய் திறந்தாள். புகைதான் உள்ளே போனது.

கூடத்தில் விசைப்பலகை ஒலித்தது. ஒரு விரலால் தட்டுவது போல. நிதானமாக. பின்னர் அந்தக் குரல்.

"புதிய திருத்தம். பக்கம், பின்கதவு. எழுதியவர், பெயர் இல்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருவர். அடைவதற்குள் புகை வீழ்த்திவிட்டது."

விசை மீண்டும் தட்டப்பட்டது.

"சான்று. நேரில் கண்டவர்கள்."

தந்தையின் இருமல் நின்றிருந்தது. கண் எரிந்தது. நிற்க முடியவில்லை. முழங்காலில் விழுந்தாள். தவழ்ந்தாள். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதில் காற்று இருந்தது. கன்னத்தைத் தரையில் அழுத்தி, இடைவெளியில் வாயை வைத்து, உறிஞ்சினாள். இன்னொரு முறை.

கண்ணைத் திறந்தாள்.

கூடத்தின் தரை தெரிந்தது. மாலை வெயில் தெரிந்தது. வெயிலில், கதவை ஒட்டி, வரிசையாக, கால்கள். செருப்பில்லாத கால்கள். கரிந்த விரல்கள். சில பெரியவை. சில மிகச் சிறியவை.

"அம்மா" என்றாள். "தாயே. திறங்க."

கால்கள் நகரவில்லை.