தட்டிப் பார்க்காத சங்கிலி

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளத்து வரப்பில் டிராக்டர் நிற்காது, வழுக்கும். ஒரு பக்கம் பாத்தி, மறுபக்கம் கழுவெளி ஏரித் தண்ணீர். பின் சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றாமல் யாரும் உப்பு ஏற்றப் போவதில்லை. போன மழையில் என்னோடு உப்பு ஏற்றிய பாலகுருவும் சுற்றிக்கொண்டுதான் போனான். சங்கிலி அறுந்து, வண்டியோடு சேற்றில் கவிழ்ந்து, அங்கேயே செத்துப்போனான்.

நான் சங்கிலி கேட்டு அனுமந்தையில் ஜான்சன் மாமாவின் கொட்டகைக்குப் போனேன். என் அக்காவைக் கட்டியவர். மத்தியானம்தான், ஆனாலும் மழை இருட்டு. உள்ளே டீசலும் ஈரத் துருவும் நாறின.

ஆணியில் இரண்டு ஜோடி தொங்கின. ஒன்று துருப்பிடித்தது. மற்றது கறுப்புப் பெயிண்டில் பளபளத்தது.

"பளபளன்னு இருக்குதே, அத எடுத்துக்க பிராங்க்ளின். துரு புடிச்சது என் வண்டிக்கு இருக்கட்டும். இரு, டீ எடுத்தாறேன்" என்று வீட்டுக்குள் போனார்.

சங்கிலி வாங்குகிறவன் சுத்தியலால் தட்டிப் பார்ப்பான். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உப்பு தின்ற இரும்பு ஒலிக்காது. ஆனால் சொந்தக்காரர் கொடுப்பதை எங்கள் பக்கம் தட்டிப் பார்க்கமாட்டோம், அது அவமானம். மாமாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்து, பளபளப்பானதைத் தோளில் போட்டேன்.

டிங்.

துருச் சங்கிலி ஆடியது. பக்கத்தில் யாருமில்லை.

பிறகு என் தோளில் கிடந்த சங்கிலிமேல் ஒரு தட்டு விழுந்தது.

சொத்.

கழுத்தோரம் சேற்று வாடை.

"எனக்கும் இதத்தான் குடுத்தான்."

பாலகுருவின் குரல்.

சங்கிலியை உதறினேன். தரையில் விழுந்ததும் ஒரு வளையம் பிளந்தது. பெயிண்டுக்கு அடியில் வெல்டிங், அதற்குள் வெறும் துருப்பொடி.

டீயோடு வந்தவரைக் கேட்டேன். "மாமா, பாலகுரு வண்டியில அறுந்தது இதுதானே?"

டம்ளரைத் தரையில் வைத்தார். "வெல்டு வெச்சிட்டேன்பா. தாங்கும்னு நெனச்சேன்."

"தாங்கும்னா உங்க வண்டிக்கு ஏன் போட்டுக்கல?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் வீட்டில் இவர் தின்ற உப்பெல்லாம் எங்கே போனது?

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மச்சான்" என்று கிசுகிசுத்துவிட்டுத் திரும்பினார்.

அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் ஐந்து விரல்கள் ஈரக் களிமண்ணாகப் பதிந்திருந்தன. நான் அவரைத் தொடவேயில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கழுத்துக்குக் கீழே இரண்டாவது கை மெதுவாகப் பதிந்தது.