மஞ்சள் எடுக்கிற வேலை

பெராக்ஸைடு கலந்த தண்ணீருக்கு நிறம் கிடையாது. அப்படியென்றால் வெளுக்கப் போடுகிற பிளாஸ்டிக்கின் மஞ்சள் எங்கேதான் போகிறது என்று தேவிப்பிரியா ஒருமுறை கேட்டதற்கு, "எங்கயும் போறதில்ல புள்ள, அப்படியே இல்லாமப் போயிரும்" என்று புருஷன் பிரபாகர் சிரித்தான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பனியன் துணி வெளுக்கிற யூனிட்டில் லேப் இன்சார்ஜ் ஆயிற்றே! ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைத் திறந்தபோது, உள்ளே தண்ணீர் மஞ்சளாகக் கிடந்தது.

குனிந்து முகர்ந்தாள். மூக்கைக் குத்துகிற மருந்து நெடி இல்லை. கல்லில் அப்போதுதான் உரசின பச்சை மஞ்சளின் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வருகிற பெண்ணின் கழுத்திலிருந்து வருமே, அதே வாசனை. வெயிலில் தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

டப்பாவில் ஊறிக்கொண்டிருந்தவை ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியின் மேலோடும், அதன் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளின் ஓடுகளும். டிவியில் வயரைச் சொருகி, கேசட் போட்டு ஆடுவார்களே, அந்தச் சாமான். வாங்கும்போது வெள்ளையாக இருக்கும். வருஷம் போகப் போகப் பல்லில் கறை பிடிப்பதுபோல் மஞ்சளேறிவிடும். அதை வெளுப்பதில் பிரபாகருக்கு ஒரு பைத்தியம். பழைய இரும்புக் கடைகளில் துழாவி எடுத்து வருவான், கழற்றுவான், பெராக்ஸைடில் ஊறவைத்து வெயில் காட்டுவான், புத்தம்புதிதாக்கி பெங்களூர்க்காரர்களுக்கு அனுப்புவான். ஊரார் பெட்டியெல்லாம் அவன் கையில் வெளுத்தது. வீட்டுப் பெட்டியை மட்டும் வெளுக்க மாட்டான்.

ஏனென்றால் அது அபிராமியின் பெட்டி. அபிராமி அவனுடைய மாமன் மகள், முதல் மனைவி. காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊத்துக்குளியில் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இருவரும் அந்தப் பெட்டியில் ஆடத் தொடங்கியவர்கள். முதல் ஜாய்ஸ்டிக் அவனுக்கு, இரண்டாவது அவளுக்கு. அந்த இரண்டாவதில், கட்டைவிரல் பதிந்து பதிந்து தேய்ந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட அழுத்தமான மஞ்சளாக இருந்தது.

செத்துப்போனவள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா என்ன? சுவரில் மாலை போட்ட போட்டோ மேல் தேவிப்பிரியாவுக்கு ஒரு கோபமும் இல்லை. போட்டோ எல்லார் வீட்டிலும்தான் தொங்குகிறது. அவளால் தாங்க முடியாதது அந்த ஜாய்ஸ்டிக்தான். வேலை முடிந்து வந்ததும் பிரபாகர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு பாயில் உட்காருவான். தனியாகத்தான் ஆடுவான். ஆனால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கையும் எடுத்து, வயர் சிக்கலைப் பொறுமையாகப் பிரித்து, பக்கத்தில் வைத்துக்கொள்வான். கல்யாணமான புதிதில் ஒருநாள் இவள் ஆசையாகப் போய் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தாள். அவன் திட்டவில்லை. மெல்ல அவள் விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டான். "அது வேண்டாம் புள்ள. பட்டன் வேல செய்யறதில்ல" என்றான்.

மறுநாள் அவன் இல்லாத நேரத்தில் போட்டுப் பார்த்தாள். எல்லாப் பட்டனும் வேலை செய்தது.

அன்றைக்குப் பிடித்தது இந்தப் பொறாமை. ஊர்ப் பெயரே நெருப்பெரிச்சல், இவளுக்கு வயிற்றெரிச்சல். உயிரோடு இருக்கிறவளாக இருந்தால் ஒரு கை பார்க்கலாம், தெருவில் நின்று நாலு கேள்வி கேட்கலாம். போனவள் அப்படியா? வயசாகாது, ரசத்தில் உப்பு கூடிப்போகாது, கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக மாட்டாள். அவன் மனசுக்குள் எப்போதும் நல்லவளாகவே உட்கார்ந்திருப்பாள். தேவிப்பிரியாவுக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம். அவன் பக்கத்தில் அந்தப் பாயில் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

இன்று காலை அவன் ஏதோ பழைய பெட்டி பார்க்க ஈரோட்டுக்கு ரயிலேறினான். அவன் போனதும் இவள் திருப்புளியை எடுத்தாள். அவன் செய்து தினமும் பார்க்கிற வேலைதானே. வீட்டுப் பெட்டியின் ஓடுகளைத் தனியாகக் கழற்றி, டப்பாவில் போட்டு, மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், கேனிலிருந்து பெராக்ஸைடை ஊற்றினாள். கையுறை போடப் பொறுமையில்லை. ஊற்றுகிறபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"உன்ற மஞ்சளெல்லாம் இன்னியோட போகட்டும்டி" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மஞ்சள் போகட்டும் என்று ஒரு பெண்ணைப் பார்த்து யாராவது சொல்வார்களா? அதிலும் பூவும் பொட்டுமாக, உடம்பெல்லாம் மஞ்சள் பூசிப் போனவளைப் பார்த்து? சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனவளுக்கு இனி என்ன வந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியை அழுத்தினாள்.

இப்போது மஞ்சள் தண்ணீருக்குள் கையை விட்டு இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் ஓட்டைத் தூக்கினாள். அப்பாடா! தேவிப்பிரியா பனியன் கம்பெனியில் துணியைப் பார்த்துப் பிரிக்கிற செக்கிங் மேஜையில் நிற்கிறவள். பால் வெள்ளை எது, நீலம் கலந்த வெள்ளை எது என்று எட்டி நின்றே சொல்லிவிடுவாள். இப்படி ஒரு வெள்ளையை அவள் எந்தப் பீஸிலும் பார்த்ததில்லை. கட்டைவிரல் தடம் இருந்த இடம் எது என்று தேடினாலும் தெரியவில்லை. நெஞ்சு குளிர்ந்தது. தண்ணீரைச் சாய்த்து மாடியின் வடிகுழாயில் ஊற்றினாள். ஞாயிறு என்பதால் பக்கத்து நிட்டிங் யூனிட்டில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. அந்த அமைதியில் தண்ணீர் குழாய் வழியாகச் சமையலறைச் சுவரையொட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. டப்பா காலியான பிறகும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓடுகளைப் பூட்டி, பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தாள். வெள்ளை வெளேரென்று, யாரும் தொடாத சாமானாக உட்கார்ந்திருந்தது. வந்து பார்த்தால் கத்துவான், ஒருநாள் சாப்பிட மாட்டான், பிறகு சரியாகிவிடும். அப்புறம் அவளுடைய விரல் பதியும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சோறு வைக்கச் சமையலறைக்குப் போனாள்.

சுவிட்சில் ஒரு மஞ்சள் தடம் இருந்தது.

நேற்றுத்தான் சோப்புப் போட்டுத் துடைத்த சுவிட்ச். அதன் நடுவில் நீள்வட்டமாக ஒரு கட்டைவிரல். சாம்பார்க் கையோடு தொட்டிருப்போம் என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். அது மேலே பூசினது இல்லை. பிளாஸ்டிக்கே உள்ளிருந்து மஞ்சளாகியிருந்தது. பல வருஷமாக ஒருத்தி தினமும் அதே இடத்தில் அழுத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி.

பிரிட்ஜ் கைப்பிடியைப் பார்த்தாள். நாலு விரல். மிக்ஸி மூடியிலும் இருந்தது. உப்பு டப்பா, குடத்தின் கழுத்து, குளியலறையில் தண்ணீர் மொள்ளுகிற மக்கு, சீப்பு. ஒரு வீட்டுக்காரி காலையில் எழுந்ததும் எதைத் தொடுவாளோ, எதன் பின் எதைத் தொடுவாளோ, அந்த வரிசையில் தடங்கள் வீடு முழுக்கப் போயிருந்தன. பிரிட்ஜ் கைப்பிடியில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அந்த விரல்கள் இவளுடையதைவிட நீளமாக இருந்தன.

கேனில் மிச்சமிருந்த பெராக்ஸைடை எடுத்து வந்தாள். வேஸ்ட் பனியன் துணியை நனைத்து, பற்களைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். சுவிட்சில் மஞ்சள் போயிற்று. திரும்பி பிரிட்ஜைத் தேய்த்தாள், போயிற்று. முதுகுக்குப் பின்னால் மஞ்சள் வாசனை குப்பென்று அடித்தது. திரும்பினாள். சுவிட்சில் தடம் மறுபடி இருந்தது, இப்போது முன்னைவிட அழுத்தமாக.

"என்ற ஊட்ல வந்து ஆரு கைய வெக்கறது?" என்று கத்தினாள். சத்தம் அவ்வளவாக வரவில்லை.

விரல் நுனிகள் எரிந்தன. பெராக்ஸைடு பட்டால் தோல் வெளுக்கும், அது தெரிந்ததுதான். பிரபாகருக்கும் பலமுறை ஆகியிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடும். இவளுக்கு ஆகவில்லை. எரிச்சல் நின்ற பிறகும் வெள்ளை நிற்கவில்லை. விரல் முழுக்க ஏறி, உள்ளங்கைக்கு வந்து, மணிக்கட்டைத் தாண்டியது. வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தாள். ரேகை ஒன்றுகூட இல்லை. அந்த வெள்ளையை அவளுக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால்தான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

யாரையாவது கூப்பிட வேண்டும். செல்போனை எடுத்து ஊத்துக்குளியில் இருக்கிற மாமியார் வள்ளியாத்தாளுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"ஏங்கண்ணு, மறுக்காவும் கூப்புடற? இப்பத்தான பேசிட்டு வெச்சே."

"நான் கூப்புடவே இல்லீங்க அத்தெ."

"ஏங்கண்ணு வெளையாடற? அவனுக்குப் புளி கரைச்சு ரசம் வெக்கறேன்னு சொன்னீல்ல. கொரலு கேக்க மாட்டீங்குதே. சத்தமாப் பேசு சாமி."

"அத்தெ, நான் தேவி பேசறனுங்க. ஊட்டுக்குள்ள என்னமோ வந்துருச்சுங்க. பயமா இருக்குதுங்க."

வள்ளியாத்தாளின் குரல் மாறியது. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதை அதில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்க ஆருங்க பேசறது?" என்றார். "எம்மருமக இப்பத்தான் பேசுனாளுங்க. நம்பர் மாத்திப் போட்டுட்டீங்களாட்டம் இருக்குதுங்க."

போன் வைக்கப்பட்டது.

தேவிப்பிரியா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. வாசல் பக்கம் ஓடினாள். தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். கைக்குத் தாழ்ப்பாள் பிடிபடவில்லை. பிடித்த மாதிரியே தெரியவில்லை. சுவர்க் கண்ணாடியில் ஒரு நொடி தன்னைப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மங்கலாக. சாமியை நினைத்துத் தாலிக்கயிற்றை வெளியே எடுத்தாள்.

வெள்ளை. நூல் கோனிலிருந்து அப்போதுதான் உருவின வெள்ளை.

"இல்லீங்க" என்றாள். யாரிடம் என்று தெரியாமல் சொன்னாள். "இல்லீங்க. இல்லீங்க."

சாயங்காலம். கேட் சத்தம். செருப்புச் சத்தம்.

பிரபாகர் வந்துவிட்டான். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. திட்டட்டும், அடிக்கட்டும், பெட்டியை ஏன் தொட்டாய் என்று வீட்டையே இரண்டாக்கட்டும். அவன் பார்த்தால் போதும். அவன் ஒருதரம் "புள்ள" என்றால் எல்லாம் சரியாகிவிடும். எதிரே போய் நின்றாள். அவன் சட்டையைக் கழற்றினான். பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து வைத்தான். ரச வாசனையை மூச்சு இழுத்து ரசித்தான். அவளைத் தாண்டிப் போய் டிவியைப் போட்டான்.

பெட்டியைப் பார்த்தான். வெளுத்த பெட்டியை, வெளுத்த ஜாய்ஸ்டிக்குகளை. அவன் கோபப்படவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, பாயை விரித்து உட்கார்ந்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் வயரைப் பிரித்தான். பிரித்து, சமையலறை வாசலை நோக்கி அதை நீட்டினான்.

"வா புள்ள. ஒரு ஆட்டம் போடலாம்."

ஐயோ! இதைத்தானே அவள் கேட்டாள். இத்தனை நாளும் இந்த ஒரு வார்த்தையைத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தாள். "வர்றனுங்க" என்று வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. ஓரடி எடுத்து வைத்தாள்.

அவளை உரசிக்கொண்டு ஈரமான மஞ்சள் வாசனை முன்னால் போயிற்று.

அவன் நீட்டின ஜாய்ஸ்டிக் அவன் கையைவிட்டு விலகியது. கீழே விழவில்லை.

பாய் ஓரத்தில் அழுந்தியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

அவனுடைய வெள்ளைப் பனியனில், தோளுக்குக் கீழே, ஒரு புள்ளி. மஞ்சள். பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் நீண்டன. விரல்களாயின. ஐந்தும் விரிந்து, உள்ளங்கை பதிந்து, ரேகை உட்பட ஒரு முழுக் கை அவன் தோளில் இறங்கி அமர்ந்தது.

பிரபாகர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்தக் கையின் மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டான். கன்னமும் மெல்ல மஞ்சளாகத் தொடங்கியது.