அகராதியில் இல்லாத சம்பந்தி

சந்திரப்பட்டணத்துக்குள் நுழைகிற எவரும், தம்மை அழைத்தவருக்குத் தாம் என்ன முறை என்று வாயிலியிடம் சொல்லியாக வேண்டும். வாயிலி, கதவுக்குள் குடியிருக்கும் எந்திரம். தமிழ் அழகாகப் பேசும். ஆனால் அதன் மூளையில் இருப்பது ஒரே ஒரு ஆங்கில அகராதி. அதில் இல்லாத உறவு நிலவில் செல்லாது. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா எல்லோரும் வாசலிலேயே அங்கிள் ஆகிவிடுவார்கள். ஊரில் நாற்பதாயிரம் அங்கிள்கள். யாரும் அலட்டிக்கொண்டதில்லை.

கோமதிநாயகம் அன்று அலட்டிக்கொண்டார். மகளும் மருமகனும் ஐந்து வருட வேலையாகச் சனிக்கோளுக்குப் போனபின் அவர் பேசும்சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார். சுவரே அலுத்துப்போய்ப் பேச்சைக் குறைத்துவிட்டது. அதனால்தான் மருமகனின் அப்பா ஆவுடையப்பனை, கூடவே இருந்துவிடச் சொல்லி அம்பாசமுத்திரத்திலிருந்து வரவழைத்தார். வந்தவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்கிறார். விண்கலம் திரும்பக் கால்மணி நேரம்.

"உறவு?" என்றது வாயிலி.

"சம்மந்தி," என்றார் ஆவுடையப்பன்.

"அகராதியில் இல்லை. நண்பர் என்று பதியலாமா? மூன்று நாள் தங்கலாம். இல்லையென்றால் இதே கலத்தில் திரும்ப வேண்டும்."

"மூணு நாளைக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? பொண்ணு கொடுத்தவருக்கு நான் நண்பனாம்லா."

"ஒரு வழி உண்டு. இருவரும் எப்போதும்போலப் பழகிக் காட்டுங்கள். அகராதியில் உள்ள எந்த உறவோடும் அது ஒத்துப்போகாவிட்டால் புதுச்சொல்லாகச் சேர்த்துக்கொள்வேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருடமாக அவர்கள் பழகிய விதம் ஒன்றே ஒன்றுதான்.

"மாப்பிள்ளைக்கு அப்பன், எனக்கு மூணாம் பந்தியிலதான இலை போட்டீரு," என்று தொடங்கினார் ஆவுடையப்பன்.

"முதப் பந்தியில உம்ம ஆளுக நாப்பது பேரு கூடுதலா உக்காந்தா இலையை எங்க போட? என் தலையிலயா?"

"பாயாசத்துல முந்திரியைத் தேடித் தேடிக் கண்ணே போச்சு."

"உம்ம கண்ணு அதுக்கு முன்னாடியே அப்படித்தான் வே."

காற்றே இல்லாத வெளியில்கூட அந்தச் சத்தம் கேட்டிருக்கும்.

"பகைவர்கள் என்று பதிகிறேன்," என்றது வாயிலி. பகைவருக்கு மூன்று நாள்கூடக் கிடையாது.

ஆவுடையப்பன் அதைக் காதில் வாங்கவே இல்லை. பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கண்ணாடியில் தட்டினார். "உமக்குப் பிரஷர்னு உப்பே போடாம எலுமிச்சங்கா ஊறுகா போட்டுச் சுமந்துட்டு வந்தேன் பாரும், என்னைச் சொல்லணும்."

"உப்பில்லாத ஊறுகாயா? வழியிலயே கெட்டிருக்கும்."

"கெட்டாலும் தின்னும்."

வாயிலி தன் ஆறு லட்சம் சொற்களையும் இரண்டு தடவை புரட்டியது.

"பகைவர் உப்பைக் குறைப்பதில்லை. நண்பர் பந்தியைப் பதினோரு வருடம் நினைவில் வைப்பதில்லை. எதிலும் சேரவில்லை. சம்பந்தி, சேர்த்தாயிற்று."

கதவு திறந்தது.

"எவ்வளவு நாள் இருக்கலாம்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"சண்டையை வைத்துத்தான் உறவை அடையாளம் கண்டேன். அது முடியும்வரை."

ஆவுடையப்பன் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கோமதிநாயகத்தின் இளைத்த தோளைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்தார். "இருந்தாலும் சம்மந்தி, அந்த இலை விசயத்துல தப்பு என் மேலயும்..."

கோமதிநாயகம் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"பாயாசத்துல நூத்தியெட்டு கிலோ முந்திரி போட்டேன் வே," என்று வாயிலிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "வாரும், வீட்டுல போயி விலாவாரியாப் பேசுவோம்."