சிலுவை மரத்துக்கு அப்பால்

வடதேசத்து வோரு ஊர்ப் பக்கத்துக் காடுகளில் ஜனவரி மாதத்துப் பகல் என்பது சும்மா ஒப்புக்குத்தான். மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் வெளிச்சம் சோர்ந்துவிடும். அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் வீட்டுக்குள் கழிக்க ஊர்வேயால் முடியவில்லை. புருஷன் எல்மார் அக்டோபரில் செத்ததிலிருந்து வீடு அவளை உட்கார விடுவதில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. அதனால் தினமும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கொல்லைக் கதவைத் தாண்டியதும் தொடங்கும் காட்டுக்குள் போய்விடுவாள்.

அந்தப் பாதை கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை. பாதி வழியில் ஒரு பெரிய பைன் மரம் நிற்கிறது. எல்மார் வீட்டிலிருந்து சவப்பெட்டி போகும்போதெல்லாம் அங்கே வண்டியை நிறுத்துவார்கள். நெருங்கிய ஆண்பிள்ளை ஒருவன் பட்டையைச் சீவி ஒரு சிலுவை வெட்டுவான். வந்தவர்கள் ஆளுக்கொரு வாய் சாராயம் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். செத்தவருக்கு என்றைக்காவது வீட்டு நினைப்பு வந்து எழுந்து வந்தால், தன் சிலுவையைப் பார்த்ததும் தான் செத்தது ஞாபகம் வரும். அதற்கு மேல் கால் நகராது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே அவர்களும் வண்டியை நிறுத்துவார்கள்.

எல்மாருக்குச் சிலுவை வெட்டியது அவன் தம்பி ரைவோ. ஊர்வே அன்று வண்டியை விட்டு இறங்கவில்லை. கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கோடரிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் அவள் காட்டுக்குள் போனபோது ரைவோ சறுக்குவண்டியில் விறகு இழுத்துக்கொண்டு எதிரே வந்தான்.

"தினமும் என்ன அண்ணி, மரத்தோட பேச்சுவார்த்தையா?"

"உன்னோட பேசறதுக்கு மரம் தேவலை. அதுகிட்ட சாராய வாடை அடிக்காது."

"அதுக்கும் எத்தனையோ வாட்டி ஊத்தியிருக்கோம். மறந்துடாதீங்க." சிரித்தவன் சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுங்க."

அவன் போன பிறகு அவள் மரத்தடிக்கு வந்தாள். மரத்துக்கு அப்பால் பனி மிதிபட்டுக் கிடந்தது. பெரிய பூட்ஸ் தடங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. வெகுநேரம் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி யாரோ நின்றது போல. வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை. எல்லா நுனிகளும் வீட்டைப் பார்த்து இருந்தன.

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டு, பாவம், ஒரு மரத்தின் முன்னால் மனுஷன் வெறுமனே நிற்கிறானே என்று மனசு கிடந்து துடித்தது.

மறுநாள் விறகு பிளக்கும் கைக்கோடரியோடு வந்தாள்.

மரம் முழுக்கச் சிலுவைகள். பழையவை பட்டை மூடிக் கறுத்த வடுக்களாகிவிட்டன. பாதி மரத்தில் பனி அப்பிக்கிடந்தது. நெஞ்சு உயரத்தில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று, பிசின் வடிந்து, புதுசாக இருந்தது. அவள் அதைச் சீவினாள். சிலுவையின் வடிவம் அழிந்து வெறும் வெளுப்பு மிஞ்சும்வரை சீவினாள். கை விறைத்துப்போனது. நெஞ்சு மட்டும் அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக லேசாகியிருந்தது.

"வா," என்று கிசுகிசுத்தாள். "வீட்டுக்குப் போலாம்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சரக்.

பின்னால் பனி நொறுங்கியது.

சரக். சரக்.

சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே கதவை அகலத் திறந்து வைத்தாள். படியில் பூட்ஸைத் தட்டிப் பனி உதிர்க்கும் சத்தம் கேட்டது. சூப்பைச் சுடவைத்தாள், கறுப்பு ரொட்டி நறுக்கினாள், இரண்டு தட்டு வைத்தாள். மேஜைத் தலைமாட்டு நாற்காலி தானாகப் பின்னுக்கு நகர்ந்தது. எல்மார் எப்போதும் ஜன்னலோரத்தில்தான் உட்காருவான். சரி, செத்தவனுக்கு இடம் ஞாபகம் இருக்குமா என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

பிறகு வாடை வந்தது. வீட்டுக் கொல்லையில் பயிரிட்டுக் காயவைத்த காரப் புகையிலை.

எல்மார் ஜென்மத்தில் புகை பிடித்ததில்லை.

"எல்மார்?"

பதிலுக்கு ஒரு உள்ளங்கை மேஜையை ஓங்கி அறைந்தது. தட்டுகள் குதித்தன. அப்புறம், இடுப்பிலிருந்து ஒரு தோல்வாரை மெல்ல, ரொம்ப மெல்ல உருவும் சத்தம்.

அன்றைய இரவை அவள் வெளியே சவுனா என்கிற நீராவிக் குளியலறையில், கதவுக்கு உள்தாழ் போட்டுக்கொண்டு, அடுப்பருகே சுருண்டு கழித்தாள்.

மறுநாள் மத்தியானம் தாண்டி ரைவோ மீன் கொண்டுவந்தான். வீட்டுப் படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். வாசலை அடைக்கிற ஆகிருதி அவனுக்கு. மூக்கில் அந்த வாடை ஏறியதும் தோள்கள் குறுகிப் பாதி ஆளாகிவிட்டான். பின்பக்கமாகவே நடந்து முற்றத்துக்கு வந்தான். ஊர்வே சவுனாவிலிருந்து வெளியே வந்தாள்.

"உள்ள யாரு, அண்ணி?"

"எல்மார்னு நினைச்சேன்."

"இது எங்கப்பா புகையிலை."

அவள் மரத்தடியில் செய்ததைச் சொன்னாள். அவன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நெஞ்சு உசரத்துல இருந்ததா? அது அப்பாவோடது. எல்மாருக்கு அந்தப் பக்கம், கீழ வெட்டினேன். வெட்டறப்போ பார்த்தேன், அப்பா சிலுவைய பட்டை மூடிட்டு வந்தது. அதையும் கீறிப் புதுசாக்கி வச்சேன். அம்பது வயசாச்சு அண்ணி, இன்னும் எனக்கு அந்த ஆள்னா பயம்."

மாமனார் யூஹானை ஊர்வே படத்தில்தான் பார்த்திருக்கிறாள். எல்மார் அப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

"மறுபடி வெட்டிட்டா?"

"பொணம் கல்லறைக்குப் போற வழியில வெட்டினாதான் சிலுவை ஆளைக் கட்டும். ஆள் இப்ப வீட்டுக்குள்ள இருக்காரு." ரைவோ மூடிய கதவையே பார்த்தான். "அப்பா தோல்வார எடுத்தார்னா எல்மார் வெறுங்காலோட பனியில ஓடுவான். அந்தப் பைனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். அப்பா சாவகாசமா நடந்து போவாரு. அவருக்கு இடம் தெரியும்." எழுந்து கால்சட்டையைத் தட்டினான். "டிராக்டர எடுத்துட்டு வரேன். என் வீட்டுக்குப் போயிடலாம். அதுவரைக்கும் உள்ள போகாதீங்க."

ஊர்வே உள்ளே போகவில்லை. விறகுக் குவியலிலிருந்து கைக்கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தாள். தான் மட்டும் தப்பித்துப் போய், எல்மாரை அந்த மரத்தடியில் காவலுக்கு வைத்தது போல விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வீடு போனால் போகிறது. அவனும் கூடவே வரட்டும்.

மரத்தின் அந்தப் பக்கத்துப் பனியைச் சுரண்டினாள். கீழே, முட்டி உயரத்தில், அவன் சிலுவை இருந்தது. சீவி எடுத்தாள்.

"எல்மார், வா. அந்த வீட்டுக்கு இல்ல. ரைவோ வீட்டுக்குப் போலாம்."

அப்பால் பனி மழமழவென்று கிடந்தது. அதில் ஒரு தடம் விழுந்தது.

சின்னத் தடம்.

வெறுங்கால். ஐந்து விரலும் தனித்தனியாகப் பதிந்திருந்தன.

இன்னொன்று விழுந்தது. மரத்தைத் தாண்டியது. அவள் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். குளிர்ந்த, மெல்லிய ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஊர்வே மூச்சை அடக்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத அந்தச் சின்ன எல்மார் மேல் அவளுக்கு அப்படி ஒரு அன்பு பொங்கியது.

சரக்.

வீட்டுப் பக்கத்திலிருந்து.

சரக். சரக். அவசரமில்லாத நடை.

புகையிலை வாடை முன்னால் வந்தது. பிடி நழுவியது. சின்னத் தடங்கள் திரும்பிக் கல்லறைப் பக்கம் சிதறி ஓடின. பெரிய பூட்ஸ் தடங்கள் பாதையில் ஒவ்வொன்றாக விழுந்து அவளை நோக்கி வந்தன.

அவள் யோசிக்கவில்லை. பாதை நடுவில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"மாட்டேன். விட மாட்டேன்."

தடங்கள் நின்றன. அவள் பூட்ஸ் நுனிக்கு ஒட்டினாற்போல், நுனிக்கு நுனி. வெதுவெதுப்பான காரமூச்சு முகத்தில் பட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் அது வரவில்லை.

அவளுக்குக் கை வலித்தது. தோள் எரிந்தது. வலது கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள். மூச்சு நெருங்கியது. மறுபடி உயர்த்தினாள். மூச்சு விலகியது.

தூரத்தில் டிராக்டர் வந்து நின்றது. ரைவோ பாதையில் ஓடிவந்தான். நீட்டிய கைகளோடு சிலுவை போல் நின்ற அவளைப் பார்த்தான். அவள் எதிரில் பனியில் இருந்ததைப் பார்த்தான். ஒரு அடிகூட நெருங்காமல் நின்றுவிட்டான்.

"கையைக் கீழ இறக்கிடாதீங்க, அண்ணி."

குரல் ஒரு சிறுவனின் குரல் போல் இருந்தது. காட்டுக்குள் வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. ஊர்வேயின் தோள்கள் நடுங்கத் தொடங்கின.

அவள் எதிரே, பூட்ஸ் தடங்களின் நுனி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பனியில் அழுந்தியது.