ஐந்தாவது கட்டம்

பெயின்டர் நேற்று வாசல் கதவில் மாதிரிக்காகப் பூசிவிட்டுப் போனது நாலு கட்டங்கள். இப்போது ஐந்து இருந்தன.

அவள் மறுபடி எண்ணினாள். நீலம், பாசிப் பச்சை, சாம்பல், பழுப்பு. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் எண். ஐந்தாவதுக்கு எண் இல்லை. கணுக்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. வெயிலுக்கு முகத்தைக் காட்டிக் கண்ணை மூடினால் இமைக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு.

மூன்று வாரமாக இந்தக் கதவு அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. எதைக் காட்டினாலும் கணவன் "நல்லாத்தான் இருக்கு" என்பான். சரி, அதையே அடிக்கலாம் என்றால் "ஆனா..." என்று இழுப்பான். மகள் சிட்டு காலையில் வேன் ஏறும்போது மூக்கால் அழுதாள். "நம்ம கதவுக்குச் சொறி பிடிச்சிருக்குன்னு வேன்ல சிரிக்கறாங்கம்மா. நான் வர்றதுக்குள்ள ஏதாவது ஒரு கலர் எடுத்துடுவியா?"

எடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருந்தாள். வேன் வர இன்னும் ஒரு மணி நேரம்.

பெயின்டருக்குப் போன் செய்தாள்.

"நாலுதான் மேடம் அடிச்சேன். எனக்கு எண்ணத் தெரியாதா? பிடிச்சதுல சாக்பீஸால ஒரு டிக் போட்டு வைங்க. டிக் போட்டதுதான் முடிவு. அப்புறம் மாத்திக் கேட்டா நான் செய்யறதில்ல."

கணவனைக் கூப்பிட்டாள். "ஏங்க, கதவுல அஞ்சாவதா ஒரு கலர் இருக்கு. நீங்களா அடிச்சீங்க?"

"ஒரு ஆணி அடிக்கச் சொல்லி ஒரு வருஷமா கத்தறே. நான் போய் பெயின்ட் அடிப்பேனா?" சிரித்தான். "அது எப்படி இருக்கு?"

"உங்க தலை மாதிரி இருக்கு." வைத்துவிட்டாள்.

திரும்பினாள். சிவப்பு முழங்கால் வரை ஏறியிருந்தது.

வழிந்தால் கீழேதானே வழியும் என்று முணுமுணுத்தபடி, தின்னரில் நனைத்த பழந்துணியால் அழுந்தத் துடைத்தாள். துணியில் ஒரு பொட்டுக் கறையும் ஒட்டவில்லை, துடைத்த இடம் இன்னும் பளபளத்தது, தின்னரின் நெடியையும் மீறி வேறொரு வாசம் வந்தது, வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் உச்சந்தலையில் அடிக்குமே, அந்த வியர்வை வாசம். விரலால் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அது மெல்ல ஏறி அவள் இடுப்புயரத்தில் நின்றது. சிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டால் தலை வந்து இடிக்கும் உயரம்.

மற்ற நாலு நிறங்களும் கழுவிவிட்டது போல வெளுத்துக் கிடந்தன. பயத்தைவிட எரிச்சல்தான் முந்தியது. மூன்று வாரம். ஒரு கதவு. யாருக்கும் ஒரு வார்த்தை முடிவாகச் சொல்லத் துப்பில்லை.

"சரி, நீயே எடுத்துக்கோ. என்னை விட்டாப் போதும்," என்று கதவிடமே சொல்லி, சாக்பீஸை எடுத்துச் சிவப்பில் ஒரு டிக் போட்டாள்.

வெள்ளைக் கோடு ஒரு நொடி நின்றது. பிறகு உள்ளே ஊறிப்போயிற்று.

கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு. இரண்டு முறை.

வேன் ஹாரன். கேட் கிரீச்சிட்டது. ஷூ கழற்றும் சத்தம், ஒன்று, இன்னொன்று.

"அம்மா, கலர் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்டி. இரு, வரேன்."

மணி அடிக்கவில்லை.

ஓடிப்போய்த் திறந்தாள். தெருமுனையில் வேன் திரும்பிக்கொண்டிருந்தது. படியில் பை. பக்கத்தில் ஷூக்கள், ஜோடியாக. சிட்டு இல்லை.

"சிட்டு?"

காலித் தெரு.

கதவைத் திரும்பிப் பார்த்தாள். முழுக்கச் சிவப்பு. கட்டங்கள் இல்லை. எண்கள் இல்லை. ஈரம்.

இடுப்புயரத்தில் அந்தச் சிவப்பு மெல்லப் புடைத்தது. ஐந்து விரல்கள். சின்ன விரல்கள். உள்ளிருந்து தள்ளின. மடங்கின. மறுபடி தள்ளின.

ஓரங்களிலிருந்து பெயின்ட் காயத் தொடங்கியிருந்தது.